மழை மாதத்தில் கட்டும் ஃபீஸ்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் பால்வெட்டு நின்றுபோகும் மாதத்தில்தான் கல்லூரிகள் ஃபீஸ் கேட்கும். ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுத் தடத்தின் வழியே சிரட்டைக்கு வராது; பட்டை முழுக்கப் பரந்து வழிந்து மழையோடு மண்ணுக்குப் போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும், அப்போதும் வெட்டு கிடையாது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதம் கையில் கொஞ்சம் காசு புரளும் நேரத்தில் ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒரு தாளோடு வீட்டுக்கு வருவதும் அதே வாரத்தில்தான். இன்ன தேதிக்குள் இவ்வளவு ரூபாய் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று அந்தத் தாளில் இருக்கும்.

அரசு ரப்பர் கழகத்தில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு மழை நாளில் வேறு வேலையாவது கிடைக்கும். தனியார் தோட்டத்தில் மரக் கணக்குக்கு வெட்டுகிறவருக்கு மழை நாள் என்றால் கூலி இல்லாத நாள். இந்த மாதக் கணக்கை வைத்துத்தான் இந்தப் பக்கத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் தன்னுடைய இன்னொரு தொழிலை அமைத்துக்கொண்டார்.

சம்பளப் பட்டியலில் அவர் முதுகலை ஆசிரியர், பாடம் கணிதம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்துப் பிள்ளைகள் மேல்நிலை வகுப்புக்கு இறங்கி வரும் மலையடிவாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். இன்றும் வீட்டுக்கு ஆள் வருவது கணக்குக் கேட்டு அல்ல. "சாரே, பிள்ளைக்கு மார்க்கு வந்தாச்சு. என்னத்துல சேக்கணும்?" என்பதுதான் வாசலில் கேட்கும் முதல் வாக்கியம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்று யாருக்கும் தனிச் சம்பளம் இருந்ததில்லை. அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்ததும், 'கல்லூரிக் கனவு' என்று வழிகாட்டிக் கூட்டங்கள் நடந்ததும் 2022இல். அதற்கு முன்பு பிளஸ் டூ வகுப்பாசிரியருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாத படிப்பு அந்த ஊரைப் பொறுத்தவரை இல்லாத படிப்பு.

கன்னியாகுமரி மாவட்டம் படித்த மாவட்டம் என்று பெயர் எடுத்தது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதல் இடம். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893இல் தொடங்கியது. தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952இல் வந்தது, பெண்களுக்கான ஹோலி கிராஸ் 1965இல். இந்தப் பெருமைகளெல்லாம் பஸ் போகும் தூரத்தில் இருப்பவை. பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் தாண்டி மேலே ஏறினால் கழகத்தின் ரப்பர் தோட்டங்கள், தொழிலாளர் லயங்கள், ஆங்காங்கே காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள். கழகம் 1984இல் உருவானது. அதற்கு முன்பு வனத்துறையின் கையில் இருந்த தோட்டம். அங்கே அப்பாவும் அம்மாவும் விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்தடிக்குப் போய்விட, பிள்ளைகள் தாங்களே கிளம்பிப் பள்ளிக்கூடம் வந்தார்கள். வாத்தியார் வகுப்பில் முதல் பீரியடுக்குத் தாமதமாக வருகிறவர்களைத் திட்டியதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று அவருக்குத் தெரியும்.

மார்க் வந்ததும் "என்ன படிக்க ஆசை?" என்று அவர் ஆரம்பிக்க மாட்டார். "வீட்ல யாரு யாரு வெட்டுக்குப் போறது? சொந்த மரமா, கூலியா? மூத்தவன் என்ன செய்யிறான்? காலையில எந்த பஸ்ஸு?" என்று கேட்பார். புதிதாக வந்த இளம் ஆசிரியர் ஒருவருக்கு இது உறுத்தியது. பிள்ளையின் கனவைக் கேட்காமல் குடும்பத்தின் வறுமையைக் கேட்கிறாரே என்று. வாத்தியாரின் நியாயம் வேறு. ஆசையைப் பிள்ளை தானே சொல்லிவிடும், வாயை மூடினாலும் சொல்லும். இரண்டாம் வருஷம் நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் வெட்டு நிற்கும்போது செமஸ்டர் ஃபீஸுக்கு எங்கே போவது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பாதியில் நின்றுபோன பிள்ளைகளில் முதல் வருஷ ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றவர்கள் குறைவு, மூன்றாம் செமஸ்டரில் நின்றவர்கள்தான் அதிகம் என்பது அவருடைய அனுபவம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 2011 ஏப்ரல் வாக்கில் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. அடிவாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மரம் வைத்திருந்தவர்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் வந்தது, மேல்மாடி எழும்பியது, பிள்ளையை மேனேஜ்மென்ட் கோட்டாவில் பொறியியலில் சேர்ப்பதும் வந்தது. தமிழ்நாட்டில் அப்போது பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டியிருந்தன. குமரி மாவட்டத்தில் மட்டும் சாலையோரம் எத்தனை பெயர்ப்பலகை! கவுன்சலிங்குக்குக் காத்திருப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தவர்கள் உண்டு. பிறகு விலை இறங்கத் தொடங்கியது. 2016 தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே. சேர்க்கும்போது ஒரு வருஷ ஃபீஸுக்கு எத்தனை கிலோ ஷீட் போதுமாக இருந்ததோ, அதைப் போல இரண்டு மடங்கு கிலோ கடைசி வருஷத்துக்குத் தேவைப்பட்டது. மரமோ அதே மரம்தான். வாத்தியார் அந்த வருஷங்களில் தன் பழைய மாணவர்களைத் தோட்டத்தில் வெட்டுக் கத்தியோடு பார்த்தார். அவர்கள் பையில் ஏழெட்டு அரியர் பேப்பர் இருந்தது.

அடுத்த அடி 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். மாவட்டம் முழுக்க ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன, நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலில் போன உயிர்களின் கணக்குக்கு முன்னால் மரத்தைப் பேசுவது அழகில்லை என்று அடிவாரத்துக்காரர்கள் அதிகம் பேசவில்லை. ஆனால் ரப்பர் நட்டால் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். புயலில் மரம் போய் மறுபடி நட்டவருக்கு 2025 வாக்கில்தான் முதல் பால். புயலன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் அதே 2025இல். அந்தப் பிள்ளையின் மேல்படிப்புக்கென்று அந்த ஏழு வருஷமும் சேர்த்து வைக்க எதுவும் இருந்திருக்காது.

ஆக, ஃபீஸ் எவ்வளவு என்பதைவிட எப்போது, எத்தனை தடவை, எதை நம்பி என்பதுதான் அவர் போடும் கணக்கு.

அந்தக் கணக்கில் முதலில் வருவது கோணம். நாகர்கோவிலை ஒட்டிய இந்த ஒரே பகுதியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, அரசு கலை அறிவியல் கல்லூரியும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது முதலில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக இருந்து பிறகு அரசுக் கல்லூரியானது. ஸ்காட் கல்லூரிக்கு நூற்றாண்டு கொண்டாடிய மாவட்டத்துக்கு அரசு கலைக் கல்லூரி கிடைக்க இவ்வளவு காலம் ஆனது ஒரு வேடிக்கைதான். அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வு, நூலகம், பல்கலைக்கழகப் பதிவு என்று வருஷத்துக்குச் சில ஆயிரத்துக்குள் முடியும். ஆன்லைன் விண்ணப்பம் வந்த பிறகு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக 50 ரூபாய் என்று இருந்தது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். காணிக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையனிடம் "மக்கா, ரெண்டு ரூவாய்க்குக் காலேஜ் கதவு தொறக்கு" என்று வாத்தியார் சொன்னபோது, கூட வந்த பாட்டா நம்பவில்லை. மீதியைப் பிறகு கேட்பார்கள் என்று அவருக்குத் திடமான எண்ணம்.

ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் ஓடுவது பெயர் பெற்ற உதவி பெறும் கல்லூரிகளுக்கு. அதில் தப்பில்லை, நல்ல கல்லூரிகள்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை, ஒரே பி.காம். ஆனால் அரசு சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்கள் நடத்தும் 'எய்டட்' பிரிவு ஒன்று, கல்லூரியே கட்டணம் வாங்கி நடத்தும் 'செல்ஃப்' பிரிவு மற்றொன்று. இரண்டுக்கும் கட்டணத்தில் பல மடங்கு வித்தியாசம். "அந்தக் காலேஜ்ல சீட்டு கெடச்சிட்டு சாரே" என்று மிட்டாய் வாங்கி வரும் அப்பாவிடம் வாத்தியார் கேட்பது ஒரே கேள்வி: "எய்டடா, செல்ஃபா?" மிட்டாய் கையில் அப்படியே நிற்கும். வித்தியாசம் தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டு வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எய்டட் பட்டியலில் பெயர் வர ஒரு வாரம் காத்திருந்தால் போதும் என்ற நிலையில் செல்ஃபில் கட்டியவர்களும் உண்டு. காத்திருக்க வைப்பது இந்தத் தொழிலில் மிகக் கடினமான பகுதி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சீட்டு உறுதியாகிவிட்ட நாளிலிருந்து ஒரு தகப்பனுக்குத் தூக்கம் வராது.

அந்தத் தூக்கம் வராத வாரத்தைக் குறிவைத்து வருகிறவர்கள் ஏஜெண்டுகள். மே மாதம் பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெளி மாநில நர்சிங் கல்லூரி, ஹோட்டல் மேனேஜ்மென்ட், கப்பல் படிப்பு என்று விரிவுரை நடக்கும். முதல் வருஷம் குறைந்த தொகை, அசல் சான்றிதழ்களை இப்போதே கொடுத்துவிடுங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீரிப்பாறைப் பக்கத்து மாணவி ஒருத்தி இப்படிப் போய், சாப்பாடும் மொழியும் ஒத்துக்கொள்ளாமல் சில மாதத்தில் திரும்பினாள். சான்றிதழ்கள் திரும்பவில்லை. மூன்று வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் தருவோம் என்றது கல்லூரி. கொடுத்து வாங்கினார்கள், அம்மாவின் சங்கிலி போனது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது: அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், தன் பிடியில் வைத்திருக்கக் கூடாது, விலகுகிறவருக்குக் கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்தத் தாளின் நகலை வாத்தியார் எப்போதும் வைத்திருப்பார். சட்டம் பேசி ஜெயிப்பதற்கென்று அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. ஏஜெண்ட் முன்னால் மேசையில் அது கிடந்தாலே பேச்சு சுருங்கும் என்பதற்காக.

பொறியியல் கேட்டு வருகிறவர்களை அவர் தடுத்ததில்லை. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தையும் அவர் பார்த்தவர். கோச்சிங் போக வழியில்லாத அடிவாரத்துப் பிள்ளை அதில் நல்ல மார்க் வாங்குவது அபூர்வம். 2006-07 சமயத்தில் அது எடுக்கப்பட்ட பிறகு பிளஸ் டூ மார்க்கே போதும் என்றானது. 2010இல் முதல் பட்டதாரி சலுகை வந்தது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று வருவாய்த் துறை கொடுக்கும் ஒரு சான்றிதழ். வருமான வரம்பு கிடையாது. தனியார் கல்லூரியில் கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாய் வரை அரசு ஏற்கும். கட்டண நிர்ணயக் குழு 2017இல் கவுன்சலிங் இடங்களுக்கு 50,000 ரூபாயும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாயும் என்று வைத்தது. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, 87,000. வாத்தியார் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். கவுன்சலிங்கில் 55,000த்தில் 25,000 போனால் 30,000. அதே கல்லூரி, அதே பெஞ்ச், மேனேஜ்மென்ட் வழியாகப் போனால் 87,000, சலுகை கிடையாது. "ரெண்டு பேரும் ஒரே பரீட்சைதான் எழுதுவினும்" என்று முடிப்பார்.

2021இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தக் கணக்கையே புரட்டிப்போட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் தனி இடம். கல்விக் கட்டணம், விடுதி, கவுன்சலிங் செலவு எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய வருஷமே சட்டம் வந்திருந்தது. ஒரு விசித்திர விளைவு: நடுவில் ஒரே ஒரு வருஷம் ஆசைப்பட்டு 'இங்கிலீஷ் மீடியம்' தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பிய பிள்ளைக்கு இது கிடையாது. எட்டாம் வகுப்பில் எடுத்த முடிவு பன்னிரண்டாம் வகுப்பில் லட்சங்களாகக் கணக்கில் வரும் என்று எட்டாம் வகுப்பில் யாருக்குத் தெரியும்? ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷங்களில் அவர் நடுநிலை வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கும் போய் உட்கார ஆரம்பித்தது இதனால்தான்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று சொன்னதும் முகம் மாறும் அப்பாக்களிடம் அவர் இரண்டு பெயர்களைச் சொல்வார். இரண்டுமே இந்த மாவட்டத்துப் பெயர்கள், இருவரும் இஸ்ரோவின் தலைவரானவர்கள்.

கே. சிவன் நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளைக்காரர், விவசாயி மகன், தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர். அவருக்குப் பொறியியல் ஆசை. கல்லூரி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் வகுப்பு விட்டதும் வயலுக்கு வருவான் என்பது அப்பாவின் கணக்கு, செலவும் குறைவு. மகன் ஒரு வாரம் பட்டினி கிடந்தும் அப்பா அசையவில்லை என்று சிவனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தார். பிறகு அதே அப்பா, நீ கேட்டதை ஒரு தடவை தடுத்தாகிவிட்டது, இனித் தடுக்க மாட்டேன் என்று நிலத்தை விற்றுப் படிக்க வைத்தார். பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1980இல் விமானப் பொறியியல் பட்டம். 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவர். மற்றவர் வி. நாராயணன், மேலக்காட்டுவிளைக்காரர். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தவர், ஏ.எம்.ஐ.இ. தேர்வு வழியாகப் பொறியாளர் தகுதி பெற்று, 1989இல் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முதல் இடத்தில் முடித்தார். 2025 ஜனவரியில் தலைவரானார்.

இந்தக் கதைகளை வாத்தியார் சொல்வது எல்லாரும் ராக்கெட் விடலாம் என்பதற்காக அல்ல. அப்படிச் சொல்கிற மேடைப் பேச்சாளர்கள் மேல் அவருக்கு எரிச்சல். மலிவான படிப்பில் சேர்ந்தால் மேலே போகும் வழி அடைபடாது என்பதை மட்டும் அந்த அப்பாக்கள் தலையில் ஏற்ற வேண்டும், அவ்வளவே. சில வழிகள் அடைந்தும் போகின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். ஏ.எம்.ஐ.இ.க்கு மத்திய அரசு கொடுத்திருந்த பட்டச் சமநிலை 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களோடு நின்றுவிட்டது. ஆனால் டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரியும் சேரலாம். அந்தச் சேர்க்கையைக் காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரி நடத்திவந்தது. பிளஸ் டூ அறிவியல் படித்தவருக்குப் பாலிடெக்னிக்கிலும் இரண்டாம் ஆண்டு. அரசு ஐ.டி.ஐ.யிலோ பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ். முடித்ததும் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ஒவ்வொரு படியிலும் ஓர் இறங்கும் இடம் இருக்கிறது; வீட்டில் மழை பெய்தால் இறங்கிச் சம்பாதித்துவிட்டு மறுபடி ஏறலாம். நான்கு வருஷப் பொறியியலில் நடுவழியில் இறங்கினால் கையில் ஒன்றுமில்லை. இதுதான் அவருடைய வாதம். குடும்ப வருமானம் ஒழுங்காக வரும் வீடுகளுக்கு இந்த வாதத்தை அவர் வைப்பதில்லை.

பஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு இலவச பாஸ். மற்றக் கல்லூரிகளுக்குப் பாதிக் கட்டணச் சலுகை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. கட்டணம் இப்படித் தீர்ந்தாலும் நேரம் தீரவில்லை. மேலிருந்து இறங்கும் காலை பஸ்ஸைப் பிடித்து, நாகர்கோவில் வடசேரியில் இறங்கி, அங்கிருந்து கோணத்துக்கோ வேறு கல்லூரிக்கோ இன்னொரு பஸ். மாலையில் லேப் இருக்கும் படிப்பென்றால் திரும்பும் பஸ் தவறும். ஒரு மாணவிக்கு வேதியியல் வேண்டுமா, தமிழ் இலக்கியம் வேண்டுமா என்ற கேள்வியை அவளுடைய அம்மா கடைசி பஸ்ஸின் நேரத்தை வைத்துத் தீர்த்தார். வாத்தியாருக்கு அதில் கோபம் வந்தது, ஆனால் அம்மாவின் மேல் வரவில்லை. அதன் பிறகுதான் அவர் விடுதி விண்ணப்பங்களையும் கையில் எடுத்தார். ஆதிதிராவிடர், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் நடத்தும் கல்லூரி விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும் என்ற விதிகூட மாணவிகளுக்குப் பொருந்தாது. 2025 ஜூலையில் இவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் எதுவானால் என்ன, ஹாஸ்டல் என்றதும் நன்கொடை வாங்கும் தனியார் விடுதியை மட்டுமே நினைக்கும் பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெண்பிள்ளைகளின் விஷயத்தில் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் ஒரு திருப்பம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள கணக்குக்கே. மூன்று வருஷப் பட்டத்துக்கு 36,000. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. தொகை பெரிதா சிறிதா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் வைக்கட்டும். வாத்தியார் கவனித்தது வேறு. மழை மாதத்திலும் அது வந்தது. கீரிப்பாறை வீடுகளில் ஜூலையிலும் நவம்பரிலும் தவறாமல் வரும் முதல் வருமானம் மகளுடைய கல்லூரிப் பணமாக இருந்தது. பிள்ளையை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வரும் மாதங்களும் அவைதான்.

காணிக்காரப் பிள்ளைகளுக்கு உரிமைகள் அதிகம், தாமதமும் அதிகம். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர் அளவில் விசாரித்துத்தான் தருவார்கள். விசாரணை, குடும்ப வரலாறு, உறவினர் சான்றிதழ் என்று மாதங்கள் ஓடும். மே மாதம் விண்ணப்பித்தால் கவுன்சலிங் முடிந்த பிறகு சான்றிதழ் வரும். குமரி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு முடிச்சு, தாழ்த்தப்பட்ட சமூகங்களிலிருந்து கிறித்தவத்துக்கு வந்த குடும்பங்கள். இட ஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஆனால் கல்லூரி உதவித்தொகையைப் பொறுத்தவரை ஆதிதிராவிடர் நலத் துறையில் அவர்களுக்கும் இடம் உண்டு. இதைத் தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் அவர் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கேட்டு வாங்க வேண்டிய பணம் அது.

கல்விக் கடன் பற்றிக் கேட்டால் அவர் உற்சாகம் காட்ட மாட்டார், பயமுறுத்தவும் மாட்டார். 4 லட்சம் வரை பிணை, அடமானம் எதுவும் கேட்கக் கூடாது என்பது விதி. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. அதன் பிறகு தவணை தொடங்கும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். ஆகவே கடன் வாங்குகிறவரிடம் அவர் கேட்பது, அந்தப் படிப்பை முடித்த போன வருஷத்துப் பையன் ஒருவனை நேரில் பார்த்துப் பேசினாயா என்பது. கல்லூரியின் விளம்பரத்தில் சிரிக்கும் பையன் கணக்கில் சேர்த்தியில்லை. உங்கள் ஊர்ப் பையனாக இருக்க வேண்டும்.

இத்தனை திட்டமும் சலுகையும் கடைசியில் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: பெயரில். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பாஸ் புக்கில் இனிஷியலே இல்லை. அப்பா பெயரில் ஓர் எழுத்து கூட, ஓர் எழுத்து குறைய. கணக்கு இருக்கும், ஆனால் ஆதாரோடு இணைந்திருக்காது. இரண்டு வருஷம் தொடாததால் முடங்கியிருக்கும். உதவித்தொகை ஒப்புதலாகி, பணம் கிளம்பி, திரும்பிப் போயிருக்கும். வாத்தியாரின் தொழிலில் பாதி நேரம் இந்த எழுத்துகளைத் தேடுவதில்தான் போனது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வகுப்பிலுள்ள எல்லாரையும் மூன்று நகல்களோடு வரச் சொல்லி, மேசையில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடச் செய்வார். கணக்கு வகுப்பைவிட அன்றைக்குத்தான் வகுப்பு அமைதியாக இருக்கும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பொங்கல் விடுமுறையிலேயே ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வங்கிப் பாஸ் புக் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் அப்போதே போட்டுவிடுங்கள். ஒன்றுக்கு 60 ரூபாய்தான் ஆகும். பழங்குடிச் சான்றிதழ் என்றால் பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கள். மே மாதம் அந்த மையத்தின் வரிசை சாலை வரை நிற்கும்.